சிறு சொற்களும் பல பொருளும்



மாணவர் முன்னேற்றம் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அது கடல் போன்ற தலைப்பு. அதில் ஒரு கைப்பிடி நீரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு சிறு வினைச் சொல்லோடு மற்றொரு சிறு சொல் சேர்ந்து, ஒரே தொடர் பல பொருளைத் தருகின்ற வழக்கு உண்டு. அதனைப் பற்றியே பேச விரும்புகிறேன். வெள்ளி விழா மேடையில் இலக்கண வகுப்பா என்று எண்ண வேண்டாம். இந்தச் சிறு தொடர் ஒன்றினால் நம் பிள்ளை ஒருவன் வேலையை இழக்க இருந்தான். அதனைக் கண்ணால் கண்டவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் பட்டம் பெற்று, சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் பணியில் சேர்ந்தான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவனுக்கு முன் எவருமில்லை. தகுதிகாண் பருவத்தில் இருந்த அவனிடம், ஒரு மாலை, மேலதிகாரி போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொன்னார். பக்கத்து இருக்கைக்காரர் நாளை விடுப்பு. அவருக்கு நீ 'ஃபில் இன்' செய் என்பது அதன் சாரம்.

'ஃபில் இன்' என்னும் தொடரை நம் மாணவர் அனைவரும் அறிவர். ஆங்கில வினாத்தாளில் 'ஃபில் இன் த பிளாங்ஸ்' என்று, அதாவது கோடிட்ட இடங்களை நிரப்புக என்று, ஆண்டுதோறும் படித்து வந்தவர்களே அவர்கள். ஆதலின், விடுப்பில் செல்பவருக்காக ஏதோ படிவம் நிரப்ப வேண்டும் போலும் என்று அவன் எண்ணினான். மறுநாள் காலை படிவம் எங்கே என்று கேட்டான். அப்படி ஒன்றும் இல்லையே என்றார் எழுத்தர். அவன் தன் இருக்கைக்குத் திரும்பி விட்டான். பக்கத்து மேசையில் தொலைபேசி நண்பகல் வரை மணியடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய இடத்தில் இருந்து அவர் வேலையைப் பார் என்பதே அதிகாரி சொன்னதன் பொருள்.

பிற்பகலில் அவனை அழைத்துக் கண்டித்தார்கள். கண்டிப்பு அவனை வருத்தவில்லை. அருகிலிருந்த ஒருவர், 'இப்படிப்பட்டவர்களை எடுத்தால் இப்படித்தான்' என்று முணுமுணுத்தாராம். அந்தச் சொல் அவன் நெஞ்சில் தைத்து விட்டது. வார இறுதியில் ஊருக்கு வந்தவன் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, அந்த வேலை எனக்குச் சரிப்படாது. நமக்கெல்லாம் அந்த அளவு மூளை இல்லை போலிருக்கிறது" என்றான்.

அன்றிரவு நான் அகராதியைப் புரட்டினேன். படிவத்தை நிரப்புதல், ஒருவருக்குத் தெரியாத செய்தியைச் சொல்லி விளங்க வைத்தல், ஒருவருக்குப் பதிலாக நின்று அவர் வேலையைப் பார்த்தல் என மூன்று பொருள்கள் அங்கே இருந்தன. நான் பல்லாண்டுகளாக முதற்பொருளை மட்டுமே கற்பித்து வந்தேன். உண்மையைச் சொன்னால், மூன்றாவது பொருள் எனக்கும் அன்றுதான் தெரிந்தது. அவ்வாறாயின் குறை யாருடைய மூளையில்?

மறுநாள் காலை அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, வெள்ளைக்காரர் ஒருவர் தமிழ் படித்து நம் ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள். 'அத்தை தேநீர் போட்டுக்கொடுத்தார்' என்கிறோம். காய்கறிக் கடையில் 'இன்னும் ஐந்து ரூபாய் போட்டுக்கொடுங்கள்' என்கிறார் கடைக்காரர். 'அவன் என்னை வாத்தியாரிடம் போட்டுக்கொடுத்து விட்டான்' என்கிறான் பையன். மூன்று இடத்திலும் அதே 'போட்டுக்கொடு' தான். அந்த வெள்ளைக்காரர் திகைத்து நின்றால் அவரை மூளையற்றவர் என்பாயா?" என்றேன். சிரித்து விட்டான். அவர் நம்மோடு பழகவில்லை என்றுதானே சொல்வோம்? நம் பிள்ளைகளுக்கும் அதே நியாயம் உண்டு. இல்லாதது அறிவன்று, பழக்கமே.

இளைஞர்களே, இத்தொடர்களை ஆங்கில இலக்கண நூலார் 'ஃபிரேசல் வெர்ப்' என்பர். நாம் கூட்டுவினை என்று வைத்துக்கொள்வோம். 'டேக்' என்றால் எடு. 'ஆஃப்' என்றால் விலகி. இரண்டும் கூடி 'டேக் ஆஃப்' ஆனால், செருப்பைக் கழற்றுவதும் அதுதான். விமானம் தரையை விட்டு எழும்புவதும் அதுதான். ஒரு தொழில் திடீரெனச் சூடு பிடிப்பதும் அதுதான். ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி விடுவதும் அதுதான். பிறர் போல் பேசி நடித்துக் காட்டுவதும் அதுதான். 'மேக் அப்' என்பதை நாம் திரைப்படத்தால் அறிவோம். முகத்துக்கு ஒப்பனை செய்தல் மட்டும் அன்று. இல்லாத கதையைப் புனைந்து சொல்லுதலும், சண்டையிட்டவர் மீண்டும் சமாதானமாதலும், பல பகுதிகள் சேர்ந்து ஒன்றாய் அமைதலும் அதன் பொருள்களே. 'பிக் அப்' என்பது கீழே விழுந்ததை எடுத்தல். ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுதல். பள்ளிக்குப் போகாமலே கேட்டுக் கேட்டு ஒன்றைக் கற்றுக்கொள்ளுதல். மந்தமாயிருந்த வியாபாரம் தேறுதல். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுதல் என்று கற்பிக்கிறோம். ஆனால் ஒரு நாற்றம் உணவின் மேல் வெறுப்பை உண்டாக்கினால் அதற்கும், ஒரு சத்தம் நம் கவனத்தைக் கலைத்தால் அதற்கும் 'புட் ஆஃப்' என்றே சொல்வர்.

இவற்றில் சில பொருள்கள் எழுத்து வழக்கு. சில கொச்சை வழக்கு. வகுப்பறைப் புத்தகம் எழுத்து வழக்கைத் தருகிறது. விடுதியிலும் அலுவலகத்திலும் தொலைபேசியிலும் வருவது மற்றொன்று. அதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. 'நாக் அப்' என்றால் இங்கிலாந்தில் கதவைத் தட்டித் துயிலெழுப்புதல். அமெரிக்காவில் அது சபையில் சொல்லத்தகாத பொருள் தரும்.

நம் நாட்டிலேயே வழங்கும் சிலவும் எச்சரிக்கைக்குரியன. கல்லூரிப் படிப்பை முடித்ததை 'பாஸ் அவுட்' என்று நாம் சொல்கிறோம். இங்கிலாந்தில் இராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவோர்க்கு அது பொருந்தும். மற்றபடி வெளிநாட்டார் காதில் அது மயங்கி விழுந்தேன் என்றே ஒலிக்கும். நேர்காணலில் 'கிராஜுவேட்டட்' என்று சொல்வது நலம். அவ்வாறே நம் அரசு அலுவலகங்களில் 'புட் அப்' என்றால் கோப்பினை மேலதிகாரியின் பார்வைக்கு வைத்தல். பிற இடங்களில் அது கட்டடம் எழுப்புதல், விருந்தினரைத் தங்க வைத்தல் என்று பொருள்படும். அதனோடு 'வித்' சேர்ந்தாலோ, பொறுத்துக்கொள்ளுதல் என்றாகி விடும்.

இவை எப்படி வந்தன? 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன் பின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செய்தது. கோயிலிலும் கல்விக்கூடத்திலும் இலத்தீன் ஆட்சி செய்தது. ஏர் உழுதவரும் ஆடு மேய்த்தவருமான எளிய மக்கள் ஆங்கிலம் பேசினர். வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல் தான். பெரிய பெரிய சொற்கள் மேலோரிடமிருந்து வந்தன. 'புட்', 'டேக்', 'கெட்', 'கம்', 'கோ' போன்ற சிறு வினைகளோ எளிய மக்கள் வாயில் வாழ்ந்தவை. கூட்டுவினைகளில் பெரும்பாலன அவற்றைக் கொண்டே ஆனவை. உழைக்கும் மக்களின் பேச்சு அது. இன்று அதனை நீக்கிவிட்டால் ஆங்கிலம் வாய் திறக்காது. 1755இல் பேரகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயலார்க்கு ஆங்கிலத்தில் மிகுந்த இடர் தருவது இதுவே என்று தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரே 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலினால் பரவியது. அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவர் குறித்துள்ளார். நாட்டுப்புறத்தார் பேச்சு இலக்கணத்தில் இடம் பெற எத்தனை நூற்றாண்டு ஆயிற்று பாருங்கள்!

நம் முன்னோர் ஆங்கிலத்தின் அருமையை அறிந்தவர்கள். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலை உலகறிய எழுப்பினர். 1936இல் இலாகூரில் சாதி ஒழிப்பு மாநாடு ஒன்றுக்குத் தலைமையுரையாக அண்ணல் ஆங்கிலத்தில் எழுதிய உரையை, மாநாட்டார் ஏற்க அஞ்சினர். மாநாடே கைவிடப்பட்டது. அதற்கு ஆங்கிலத்தில் 'கால் ஆஃப்' என்பர். அண்ணல் சோர்ந்து விடவில்லை. தம் கைப்பொருளைக் கொண்டு அவ்வுரையை நூலாக்கினார். இன்று உலகமெங்கும் அது படிக்கப்படுகிறது. அந்த மொழி நமக்கு அயலாருடைய சொத்தன்று. நம் தலைவர்கள் நமக்காகப் பயன்படுத்திய கருவி.

ஆயினும் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இக்கூட்டுவினைகள் உணவு மேசையிலேயே வந்து சேர்கின்றன. நம் பிள்ளைக்கு அவை வந்து சேர வழியில்லை. வழியைத்தான் நாம் செய்து தர வேண்டும். கடல் போல் கிடக்கிறதே என்று மலைக்க வேண்டாம். மிகுதியாக வழங்கும் நூறு கூட்டுவினைகளுக்கு அகராதி வழியே 559 பொருள்கள் உண்டு என்று 2007இல் கார்ட்னர், டேவிஸ் என்னும் ஆய்வாளர் கணக்கிட்டனர். கேட்டால் அச்சமாக இருக்கிறது. ஆனால் 2015இல் கார்னியர், ஷ்மிட் என்னும் இருவர், அன்றாடம் வழங்கும் 150 கூட்டுவினைகளை எடுத்து, அவற்றுள் உண்மையில் அடிக்கடி வரும் பொருள்களை மட்டும் தொகுத்தனர். அவை 288 மட்டுமே. நாளுக்கு ஒரு பொருள் வீதம் கற்றால் ஓராண்டு நிறைவதற்குள் முடிந்து விடும்.

எவ்வாறு கற்பது? முதலாவது, தொடரைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள். அது வரும் வாக்கியத்தோடு எழுதி வையுங்கள். அருகிலிருக்கும் சொல்லே பொருளைக் காட்டிக்கொடுக்கும். செருப்பு அருகிலிருந்தால் ஒரு பொருள். விமானம் அருகிலிருந்தால் வேறு பொருள். இரண்டாவது, சிறு சொல்லின் போக்கை அறியுங்கள். 'அப்' பல இடங்களில் முழுதும் முடித்தலைக் குறிக்கும். 'ஈட் அப்' என்றால் மிச்சமின்றி உண். 'ஆஃப்' விலகலையும், 'டவுன்' குறைதலையும் பெரும்பாலும் குறிக்கும். மூன்றாவது, காதுக்கு வேண்டியது வேறு, கைக்கு வேண்டியது வேறு. கொச்சைத் தொடர்களைக் கேட்டால் விளங்கிக்கொள்ளுங்கள், விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். பேச்சில் 'புட் ஆஃப்', மடலில் 'போஸ்ட்போன்'. நான்காவது, விளங்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே கேளுங்கள். கேட்பவன் ஒரு நிமிடம் வெட்கப்படுவான். கேளாதவன் ஒரு வேலையை இழப்பான்.

நான் சொன்ன அந்த மாணவன் திங்கட்கிழமை மீண்டும் பணிக்குச் சென்றான். ஒரு சிறு குறிப்பேடு வாங்கினான். அன்று கேட்ட புதுத் தொடரை அன்றே எழுதினான். தகுதிகாண் பருவத்தை மூன்று மாதம் நீட்டித்தார்கள், பின்னர் நிலைப்படுத்தினார்கள். அந்தக் குறிப்பேட்டின் படி ஒன்று இன்று நம் பள்ளி மாணவர் கையில் இருக்கிறது. அதனால்தான் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் மாலை நேரப் படிப்பகத்தில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். வேலைக்குச் சென்ற மூத்தவர்கள் விடுமுறையில் வரும்போது, தாங்கள் இடறிய இடங்களை இளையவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் அங்கே மீண்டும் இடற வேண்டியதில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் ஒரு பொருளோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தை விட வேண்டும்.

முடிக்குமுன் ஒரு தொடர். முதல் வகுப்பில் நாம் கேட்ட முதல் ஆங்கிலக் கட்டளை 'ஸ்டாண்ட் அப்'. எழுந்து நில் என்பது பொருள். ஆனால் அத்தொடர் அங்கே நின்றுவிடவில்லை. அதனோடு 'ஃபார்' சேர்ந்தால், ஒருவருக்கு ஆதரவாக நிற்றல். 'டு' சேர்ந்தால், வலியவரை எதிர்த்து நிற்றல். ஒரு வாதம் ஆராய்ச்சிக்கு ஈடுகொடுத்து நிலைத்தால், அதற்கும் 'ஸ்டாண்ட் அப்' என்றே சொல்வர். வருகிறேன் என்று சொல்லி வாராமல் ஒருவரைக் காக்க வைத்து ஏமாற்றுவதும் கொச்சை வழக்கில் அதுவே. நம் பிள்ளைகள் முதற்பொருளோடு நின்றுவிடாமல் மற்றவற்றையும் கற்கட்டும். கடைசிப் பொருளை மட்டும் இச்சங்கமும் நாமும் அவர்களுக்குச் செய்யாதிருப்போம்.