பனிநாட்டுப் பள்ளிக்கு மதுரைப் பிள்ளைகள்



தாது வருஷப் பஞ்சத்தை மதுரை இன்னும் மறக்கவில்லை. 1876-இல் மழை பொய்த்தது. ஊர் ஊராகப் பட்டினி. தன் சொத்தையெல்லாம் கரைத்துக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளின் கதை இந்த நகரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி, அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கத்தையே உலுக்கியது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் மழையின் போக்கு பிடிபடும் என்று அன்றைய அறிஞர்கள் எண்ணினார்கள். நமக்கு மேற்கே, பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் எழுந்ததில் அந்த எண்ணத்துக்கும் பங்கு உண்டு.

மழையைப் பற்றிய அதே கேள்வியோடு இன்றைய அறிவியல் துருவங்களையும் பார்க்கிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. அங்கே சூடேறினால் இங்கே என்ன? கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தின் அறிஞர்கள் 2021-இல் ஒரு விடையை முன்வைத்தார்கள். ரஷ்யாவுக்கு வடக்கே காரா கடலில் கோடைக்காலப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் கொட்டித் தீர்க்கும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கிறது என்றது அவர்களின் ஆய்வு.

இந்தத் துருவ ஆய்வில் தமிழ்நாட்டின் கை ஏற்கெனவே பட்டிருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. அதை அடுத்த கடற்கழியில் 2014-இல் இறக்கப்பட்ட ‘இண்டார்க்’ என்ற கருவித் தொடரை வடிவமைத்ததில், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. மாதக்கணக்கில் சூரியனே எழாத குளிர்காலத்திலும் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளப்பதற்காக அது கடலுக்கடியில் நிறுத்தப்பட்டது.

கருவி மட்டும் போதுமா? போதாது. பனியை அளப்பவர் ஒருவர், காற்றை அளப்பவர் வேறொருவர், கணினியில் வானிலை மாதிரி எழுதுபவர் மூன்றாமவர். மூவரும் ஒரே மேசையில் உட்காருவது அரிது. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தவைதான் துருவக் கோடைப் பள்ளிகள் எனப்படும் குறுகிய காலப் பயிற்சிகள்.

சுவீடனின் வடகோடியில் அபிஸ்கோ என்று ஓர் ஆய்வு நிலையம். ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால். அங்கே 2016-லும் 2018-லும் துருவ வானிலைக் கணிப்புக்கான பள்ளி நடந்தது. உலக வானிலை அமைப்பின் துருவக் கணிப்புத் திட்டமும், இளம் துருவ விஞ்ஞானிகளின் சர்வதேச சங்கமான ஏபெக்ஸும் அதில் கைகோத்தன. வந்தவர்கள் பல நாடுகளின் முனைவர் பட்ட மாணவர்கள், அண்மையில் பட்டம் பெற்ற ஆய்வாளர்கள். பள்ளி நடந்த ஏப்ரலிலும் அங்கே பனி கிடக்கும். பாடம் கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. பனியில் இறங்கி அளந்தார்கள், வானிலை பலூனைத் தாங்களே பறக்கவிட்டார்கள். பலூனின் அடியில் கயிற்றில் தொங்கும் சின்னப் பெட்டி வெப்பம், ஈரம், காற்றழுத்தம் மூன்றையும் அளந்து தரைக்கு அனுப்பிக்கொண்டே மேலே போகும்.

அந்தப் பெட்டி சொல்லும் சேதி நமக்குப் புதுமையானது. மதுரையில் சித்திரை வெயிலில் தரை கொதிக்கும், மேலே போகப் போகக் காற்று குளிரும். பனிநிலத்திலோ பல நாட்களில் இது தலைகீழ். தரையை ஒட்டிய காற்று உறைந்து கிடக்க, சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். கணினி மாதிரிகள் தடுமாறும் இடங்களில் இது முக்கியமானது. மாதிரி எழுதும் மாணவர் அந்தக் குளிரில் நின்று, பலூன் அனுப்பும் எண்களையும் தன் கணினி சொன்ன எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பிழை எங்கே என்று அவருக்கே தெரிகிறது. அந்தப் பள்ளியின் மதிப்பே அதுதான்.

அபிஸ்கோ மட்டும் அல்ல. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் கார்ட்ஹவுஸ் என்ற சிற்றூரில், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 1990-களிலிருந்து பனியாறுகளுக்கான பள்ளியை நடத்திவருகிறது. அலாஸ்காவின் மெக்கார்த்தியிலும் இப்படி ஒன்று உண்டு.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி. இந்தியப் பெண் விஞ்ஞானிகளான சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும் 1983-லேயே அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டவர்கள். இஸ்ரோவின் மங்களா மணி, ஐம்பது வயதைக் கடந்தபின் அங்குள்ள பாரதி நிலையத்தில் 403 நாட்கள் பணியாற்றித் திரும்பினார்.

இத்தகைய பள்ளி நம் நாட்டிலும் தொடர்ந்து நடக்க வேண்டும். அதற்கு இடம் இருக்கிறது. இமாச்சலத்தின் ஸ்பிட்டி பகுதியில், 4,000 மீட்டருக்கு மேல், ‘ஹிமான்ஷ்’ ஆய்வு நிலையம் 2016 முதல் இருக்கிறது. பனியாறுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. மதுரையிலோ காமராசர் பல்கலைக்கழகமும், அமெரிக்கன் கல்லூரியும், லேடி டோக் கல்லூரியும், தியாகராசர் பொறியியல் கல்லூரியும் ஆண்டுதோறும் இயற்பியலும் கணிதமும் கணினியும் படித்த பிள்ளைகளை வெளியே அனுப்புகின்றன. துருவ ஆய்வுக்குத் தேவையான அடிப்படைப் படிப்பு இவைதான்.

ஆகவே இந்த அவையின் முன் இரண்டு வேண்டுகோள்கள். கல்லூரிகள் கோவாவின் துருவ ஆய்வு மையத்தோடு கைகோத்து, ஹிமான்ஷில் ஆண்டுக்கு ஒரு கோடைப் பள்ளி நடத்த அரசிடம் கேட்க வேண்டும். அது கைகூடும்வரை, வெளிநாட்டுப் பள்ளிகளில் இடம் பிடிக்கும் மாணவரின் விமானக் கட்டணத்தை நகரத்து வணிகர் சங்கங்கள் ஏற்க வேண்டும். முதல் மாணவரின் பயணச்சீட்டுக்கான நன்கொடைப் பட்டியலை இந்த மேடையிலேயே தொடங்கலாம்.