ஒரே வீட்டில் பி.எஸ்ஸி.யும் எம்.பி.பி.எஸ்.ஸும்

(நமது ஜமாஅத்தின் கல்வி ஊக்கப் பரிசளிப்பு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று கல்விக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டனர். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எங்களில் ஒருவர் கல்லூரியில் பட்ட வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்தவர். மற்றவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. எங்கள் மூத்த மகன் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தான். இளையவன் எம்.பி.பி.எஸ். படித்தான். இரண்டு படிப்புகளையும் ஒரே வீட்டிலிருந்து பார்த்தவர்கள் என்பதே எங்களுக்குள்ள தகுதி. இந்த உரையில் பாதி, தாய்மார்கள் பக்கம் அமர்ந்திருக்கும் எங்கள் வீட்டார் எழுதித் தந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எம்.பி.பி.எஸ்.ஸும் ஓர் இளநிலைப் பட்டமே என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டம் முடித்த பின்னரே நான்காண்டு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியும். பிலிப்பைன்சிலும் ஏறத்தாழ அதே முறை. அங்கெல்லாம் இருபத்திரண்டு வயதில் தொடங்குகிற சுமையை, நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிறோம். எனவே 'பட்டப்படிப்பைக் காட்டிலும் மருத்துவம் எவ்வளவு கடினம்' என்னும் கேள்வி நம் ஊரில் ஒரே வயதுடைய இரு பிள்ளைகளைப் பற்றிய கேள்வியாகும்.

நமது காரைக்குடியில் பட்டப்படிப்புக்குக் குறைவில்லை. 1947ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாவில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரிகளைத் தொடங்க முன்வர வேண்டும் என்று வேண்டினார். உடனே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அந்த ஆண்டே கல்லூரி வந்தது. 1952இல் பொறியியல் கல்லூரியும், 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், 1985இல் பல்கலைக்கழகமும் வந்தன. அன்று வேண்டுகோள் விடுத்த இலட்சுமணசாமி முதலியார் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர். ஆயினும் மருத்துவக் கல்லூரி மட்டும் நம் ஊருக்கு வரவில்லை. நம் மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டு சிவகங்கையில் 100 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அது கிடைக்காதவர் புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்று செல்ல வேண்டும். பி.எஸ்ஸி. படிக்கும் பிள்ளை தாயின் கைச்சோறு உண்டு, சைக்கிளில் கல்லூரிக்குப் போய் வருகிறது. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு விடுதி அறை. இதையும் படிப்பின் கடினத்தில் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனிப் படிப்புக்கு வருவோம். கலை அறிவியல் கல்லூரியில் நாளொன்றுக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. ஆறு பருவங்கள், தேர்ச்சிக்கு 40 மதிப்பெண். ஒரு தாளில் தவறினால் அரியர் வைத்துக்கொண்டே அடுத்த பருவத்துக்குப் போகலாம். மருத்துவத்தில் முதலாண்டில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மூன்றே பாடங்கள். பெயரைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். ஆனால் தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 வேண்டும். எழுத்துத் தேர்வு போதாது; செய்முறையும், தேர்வாளர் முன் நின்று விடை சொல்லும் வைவாவும் உண்டு. வகுப்பு வருகை 75 விழுக்காடும் செய்முறை வருகை 80 விழுக்காடும் இருந்தால்தான் தேர்வெழுதலாம். முதலாண்டுத் தேர்வில் தேறாமல் இரண்டாம் ஆண்டுக்குச் செல்ல முடியாது. துணைத் தேர்விலும் தவறினால் அடுத்த ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளோடு அமர வேண்டியதுதான். நான்கு முயற்சிகளுக்குள் முதலாண்டைக் கடக்க வேண்டும் என்றும், சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்றும் 2023ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

பாடம் புரியாத அளவுக்குக் கடினமா என்றால், இல்லை என்றே சொல்வோம். கணிதப் பட்ட வகுப்பில் ஒரு தேற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகலாம். உடற்கூற்றியலில் அப்படிப்பட்ட பக்கம் அரிது. ஒவ்வொரு பக்கமும் புரியும். ஆனால் பக்கங்கள் முடிவதில்லை. விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு விலக்குவதற்கு முன்பு, எங்கள் பட்ட வகுப்பில் ஒரு தவளையை ஒரு பிற்பகலில் அறுத்து, படம் வரைந்து, கையொப்பம் வாங்கி முடித்துவிடுவோம். மருத்துவ மாணவர் பார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, ஒரு மனித உடலின் முன் முதலாண்டு முழுவதும் நிற்கிறார். வளர்ந்த மனிதரின் எலும்புகள் 206. எண்ணிக்கையை நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் ஒவ்வோர் எலும்பின் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் எந்தத் தசை ஒட்டுகிறது, அதன் அருகே எந்த நரம்பு செல்கிறது என்று கேட்பார்கள். பட்டப்படிப்பில் ஐந்து அலகுகளில் ஒன்றை விட்டுவிட்டுத் தேறிய மாணவர்களை நாங்கள் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறோம். மருத்துவத்தில் எதையும் விட முடியாது. விட்ட இடத்திலேயே நாளைக்கு ஒரு நோயாளி வந்து நிற்பார்.

கடினம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கணித மேதை இராமானுஜன் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலிருந்து 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வு எழுதித் தேறவில்லை. அவரைத் தோற்கடித்த பாடங்களுள் உடலியங்கியலும் ஒன்று. 'மூளையுள்ள பிள்ளை என்றால் மருத்துவம்' என்று தீர்ப்புச் சொல்லும் நம் உறவினர்களுக்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லலாம்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு மொழி இன்னொரு சுவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது. அம்முயற்சி தொடராமல் போயிற்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதலும், நம் சமுதாயத்துக்கு 3.5 விழுக்காடு 2007 முதலும் நடைமுறையில் உள்ளன. கதவு திறந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே சென்ற பிள்ளை முதல் மூன்று மாதங்கள் பாடத்தோடு ஆங்கிலத்தையும், ஆங்கிலத்தோடு இலத்தீன் சொற்களையும் சேர்த்துச் சுமக்கிறது. பின்னாளில் வார்டுக்குச் செல்லும்போது நிலைமை மாறும். நோயாளியின் பேச்சைக் கேட்டு நோயின் வரலாற்றை எழுதும் இடத்தில் கிராமத்துத் தமிழ் அறிந்த பிள்ளையே முந்தி நிற்கும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுச் செய்தியைச் சொல்கிறோம். இதைச் சொல்ல இளையவனின் ஒப்புதல் பெற்றிருக்கிறோம்.

அவனுக்கு இடம் கிடைத்த அன்று தெரு முழுவதும் இனிப்பு வழங்கினோம். இதே மேடையில் அவனுக்குச் சால்வை அணிவித்தீர்கள். மூத்தவன் முதல் வகுப்பில் பட்டம் பெற்ற நாளில் எங்கள் வீட்டில் விசேடமாக எதுவும் சமைக்கவில்லை என்பது பின்னர்தான் எங்கள் நினைவுக்கு வந்தது. 'பி.எஸ்ஸி. தானே' என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். அவன் காதுபடச் சொல்லியிருக்கிறோம்.

இளையவன் கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் வாரம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஊருக்கு வந்தான். தொழுகை முடிந்து கைகொடுத்து முடிப்பதற்குள் பள்ளிவாசல் வாசலிலேயே நான்கு பேர் மருந்துச் சீட்டுகளை நீட்டிவிட்டார்கள். "டாக்டர் தம்பி, இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடுறதா, பின்னாடியா?" அவனுக்கு அன்றைக்குத் தெரிந்தவை தோள்பட்டை எலும்பும் கை எலும்பும் மட்டுமே. மருந்தியல் இரண்டாம் ஆண்டில் வரும் பாடம். எல்லோரும் அன்போடுதான் கேட்டார்கள். அவன் சிரித்து மழுப்பினான். நாங்களும் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்து வந்த நோன்புப் பெருநாளுக்கு அவன் வரவில்லை. தேர்வு நெருங்குகிறது என்று கூறிவிட்டான். நாங்கள் நம்பினோம். மூத்தவன் நம்பவில்லை. பெருநாளுக்கு மறுநாள் பிரியாணியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பேருந்தேறி விடுதிக்குச் சென்றான். அங்கேதான் செய்தி வெளிப்பட்டது. உயிர்வேதியியல் உள்தேர்வில் இளையவன் பெற்றது 100க்கு 31. பன்னிரண்டாம் வகுப்பு வரை இரண்டாம் இடத்தைக்கூட அறியாத பிள்ளை. வகுப்பில் உள்ள அனைவரும் தத்தம் பள்ளியில் முதல் மாணவர்களே என்பதை யாரும் அவனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர்களுள்ளும் ஒருவர் கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்! "அத்தாவுக்கும் அம்மாவுக்கும் தெரிய வேணாம்ணே, ஜமாஅத்துல சால்வை போட்டாங்க" என்று அண்ணனிடம் அழுதிருக்கிறான்.

மூத்தவன் அப்போது ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தான். அன்றிலிருந்து பல்கலைக்கழகத் தேர்வு வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள், ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் தம்பிக்குப் பாடம் நடந்தது. உடலில் சர்க்கரை உடையும் பத்துப் படிகளையும் இளையவன் மந்திரம் போல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ஒவ்வொரு படியிலும் எந்த அணு எங்கே நகர்கிறது, ஏன் நகர்கிறது என்று மூத்தவன் கேட்டான். மூன்றாண்டுகள் ஒரே பாடத்தை ஆழமாகப் படித்தவனுக்கே அந்தக் கேள்வி வரும். மருத்துவ மாணவருக்கு 'ஏன்' என்று நின்று கேட்க நேரமில்லை. பட்டதாரிக்கு அந்த நேரம் வாய்த்திருந்தது. தேர்வு முடிவு வந்தபோது இளையவன் மூன்று பாடங்களிலும் தேறியிருந்தான். நடந்தது அனைத்தையும் அதன் பிறகே எங்களிடம் சொன்னார்கள்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கைக்காக 25,590 இளநிலை மருத்துவ மாணவர்கள் கருத்துத் தெரிவித்தனர். அவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கூறியுள்ளனர். நால்வரில் ஒருவருக்கு மேல் என்று கணக்கு வருகிறது. பிள்ளை தொலைபேசியில் "நல்லாத்தான் இருக்கேன்" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

முதலாண்டைக் கடந்தால் பாரம் வடிவம் மாறுகிறது. காலையில் வார்டு, பிற்பகலில் வகுப்பு. இறுதியாண்டில் முன்பின் அறியாத ஒரு நோயாளியைப் பரிசோதித்து, குறித்த நேரத்துக்குள் வெளியூர்த் தேர்வாளரிடம் நோயைச் சொல்ல வேண்டும். நான்கரை ஆண்டுகள் முடிந்த பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். அதில் இரவு பகல் என்ற வேறுபாடு இல்லை. பி.எஸ்ஸி. படித்தவர் எம்.எஸ்ஸி.யும் முடித்துச் சம்பளம் வாங்கும் வயதில் இவர் கையில் எம்.பி.பி.எஸ். மட்டுமே இருக்கும். மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத் தேர்வும் மூன்றாண்டுகளும் காத்திருக்கும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இந்த ஆண்டுக்கணக்கைச் சேர்க்கைக்கு முன்பே போட்டுப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் வரன் வந்துவிட்டது என்று அவசரப்பட்டால், தேர்வுக் காலத்தில் அந்தப் பிள்ளை இரண்டு வீடுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் படித்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார். படிப்பு முடிந்த பிறகே திருமணம். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததும் அவராலேயே.

வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்காக வீட்டை அடகு வைக்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டில் சேர்ந்தாலும் திரும்பி வந்து 300 கேள்விகள் கொண்ட தகுதித் தேர்வில் 150 மதிப்பெண் பெற்றால்தான் இங்கே பதிவு கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் நடந்த எந்தத் தேர்விலும் எழுதியவர்களில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. 54 மாதப் படிப்பு, ஆங்கிலப் பயிற்றுமொழி என்னும் 2021ஆம் ஆண்டு விதிகளுக்கு அந்தக் கல்லூரி பொருந்துகிறதா என்பதை, முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல் நீங்களே கேட்டறியுங்கள்.

ஜமாஅத் நிர்வாகத்துக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. மருத்துவச் சேர்க்கைக்கு அணிவிக்கும் சால்வையை முதலாண்டுத் தேர்ச்சிக்குப் பிறகு அணிவிக்கலாம், பி.எஸ்ஸி., பி.காம். முடித்த பிள்ளைகளையும் அதே மேடையில் அதே சால்வையோடு அழைக்கலாம். இரண்டாவதாக, கல்லூரிகளில் பயிலும் நம் மஹல்லாப் பிள்ளைகளின் பட்டியலைக் கல்விக் குழு வைத்திருந்து, அவரவருக்கு அதே படிப்பை முடித்த ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தர வேண்டும். எங்கள் மகன்கள் இருவரும் தங்கள் எண்களைக் கல்விக் குழுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டார்கள்.

இளையவன் படித்த முதலாண்டுப் புத்தகங்களைத் தலைவர் அவர்களிடம் இன்று ஒப்படைக்கிறோம். சௌராசியாவின் உடற்கூற்றியல் தொகுதிகளும் கைட்டனின் உடலியங்கியலும் அவற்றுள் உள்ளன. உயிர்வேதியியல் புத்தகத்தின் ஓரங்களில் மூத்தவனின் கையெழுத்தில் குறிப்புகள் இருக்கும், அழித்துவிட வேண்டாம். இவ்வாண்டு சேரும் பிள்ளை ஜமாஅத் அலுவலகத்தில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். படித்து முடித்ததும் அடுத்து வருபவருக்காகத் திருப்பித் தந்துவிடுங்கள்.