பேயைக் கேலி செய்த பாட்டு

எனக்கு முன் பேசியவர்கள், பேய்க்கதைகளைப் பிள்ளைகளின் கண்ணில் காட்டவே கூடாது என்றார்கள். அதனால் தடை செய்யப்பட்ட ஒரு பேய்ப் பாட்டின் கதையைச் சொல்கிறேன்.

இது தொலைக்காட்சியில்தான் தொடங்குகிறது. 1957ஆம் ஆண்டில் யூனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் 52, 'ஷாக் தியேட்டர்' என்ற பெயரில் அமெரிக்க நிலையங்களுக்கு விற்கப்பட்டன. பெற்றோர் திரையரங்கில் நடுங்கிப் பார்த்த டிராகுலாவையும் பிராங்கன்ஸ்டைன் பூதத்தையும் பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். நடுநடுவே பேய் வேடத்தில் அறிவிப்பாளர் வந்து கிண்டலடிப்பார். அவர்களில் ஒருவரான பிலடெல்பியாவின் ஜான் சாக்கர்லி, 1958இல் 'டின்னர் வித் டிராக்' என்ற இசைத்தட்டையே வெளியிட்டுவிட்டார். எங்கள் தொழில்காரருக்குத் துணிச்சல் அதிகம்!

பிறகு வந்தார் பாபி பிக்கெட். நடிகராகும் ஆசையில் ஹாலிவுட்டுக்குப் போனவர். ஓர் இசைக்குழுவில் காதல் பாட்டுப் பாடும்போது, நடுவில் பூதமாக நடித்த போரிஸ் கார்லோஃபின் குரலில் பேசிக் காட்டுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். (வேடிக்கை என்னவென்றால், 1931ஆம் ஆண்டுப் படத்தில் அந்தப் பூதம் ஒரு வார்த்தைகூடப் பேசாது, உறுமல் மட்டும்தான்.) அந்தச் சிரிப்பை நம்பி, குழு நண்பர் லெனார்ட் கபிசியோடு சேர்ந்து அவர் எழுதியதுதான் 'மான்ஸ்டர் மாஷ்'. ஆய்வுக்கூடத்துப் பூதம் எழுந்து நடனமாடுகிறது, அவ்வளவுதான் கதை.

பெரிய நிறுவனங்கள் வேண்டாம் என்றன. தயாரிப்பாளர் கேரி பாக்ஸ்டன் தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் 1962 ஆகஸ்ட்டில் வெளியிட்டார். சவப்பெட்டி திறக்கும் சத்தம், பலகையிலிருந்து துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கியது. கொப்பரை கொதிப்பது, தண்ணீருக்குள் உறிஞ்சுகுழலால் ஊதியது. செலவென்று பார்த்தால் ஒன்றுமில்லை!

அக்டோபர் 20ஆம் தேதியிட்ட அமெரிக்கத் தரவரிசையில் அது முதலிடம் பிடித்து, இரண்டு வாரம் நின்றது. அதே நாள்களில்தான், 22ஆம் தேதி, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தார். ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாரம் ஒரு வீட்டுப் பிள்ளை எதைக் கேட்டுப் பயந்திருக்கும், எதைக் கேட்டுச் சிரித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டனின் பிபிசியோ, பாட்டு அளவுக்கு மீறி விகாரமானது என்று தடை போட்டது. 1973இல் மறுபடி வெளிவந்தபோது அதே பிரிட்டனில் மூன்றாம் இடம்வரை ஏறியது.

பிக்கெட் 2007இல் காலமாகும்வரை அந்த ஒரு பாட்டின் பெயரால்தான் அறியப்பட்டார். வேறு பாட்டுகளும் பாடினார். எதுவும் அந்த உயரத்தைத் தொடவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த பாராட்டு வேறு யாருக்கும் கிடைக்காது. 1965 அக்டோபரில் 'ஷிண்டிக்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒருவர் வந்து 'மான்ஸ்டர் மாஷ்' பாடினார். அவர் 77 வயது போரிஸ் கார்லோஃப்.