கொல்லைப்புறத்தின் மறைவு: வீடு வாங்குவோர் கவனத்திற்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம்மில் பலர் வெளிநாடுகளில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு ஒரு வீட்டை வாங்குகின்றனர். வாங்குமுன் தாய்ப்பத்திரத்தைப் பார்க்கின்றனர். வில்லங்கச் சான்று எடுக்கின்றனர். பட்டா யார் பெயரில் உள்ளது, கிணற்றில் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிக்கின்றனர். இவை யாவும் அவசியமானவையே. ஆனால் அவ்வீட்டின் கொல்லைப்புறம் எத்தனை சன்னல்களுக்கும் மொட்டை மாடிகளுக்கும் திறந்து கிடக்கிறது என்பதை மட்டும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

குடியேறிய பிறகே அது தெரிய வருகிறது. கிணற்றடியில் துணி துவைக்கவும், கொடியில் உலர்த்தவும், மாலையில் சற்றுக் காற்றாட அமரவும் என்று இருந்த இடம் பெண்மக்களுக்கு உதவாமற் போகிறது. பின்கதவு நிரந்தரமாகத் தாழிடப்படுகிறது. விலை கொடுத்து வாங்கிய மனையில் கால் பங்கு, இருந்தும் இல்லாததாகி விடுகிறது. அண்டை வீட்டாருடன் மனக்கசப்பும் தொடங்குகிறது. எனவே இன்று இப்பொருளைப் பற்றிச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முற்காலத்தில் இத்தொல்லை அரிதாகவே இருந்தது. நம் ஊர்களின் பழைய ஓட்டு வீடுகள் பெரும்பாலும் ஒற்றைத் தளம் கொண்டவை. ஆளுயர மதில் ஒன்றே போதிய மறைவைத் தந்தது. காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலேயே வீட்டுக்கு வீடு சென்றுவர ‘முடுக்கு’ எனப்படும் குறுகிய சந்துகள் அமைந்திருப்பதை நாம் அறிவோம். ஒரு தெரு முழுவதும் ஒரே ஒழுங்கை ஏற்றுக்கொண்டிருந்ததால் அந்த மறைவு நிலைத்தது. இன்று பாகப்பிரிவினையால் மனைகள் சிறுத்து விட்டன. இடம் பக்கவாட்டில் குறைந்ததால் கட்டடம் மேல்நோக்கி வளர்கிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பொதுவாக மனையின் பரப்பைப்போல் இரு மடங்கு அளவுக்குத் தளப்பரப்பு கட்ட இடமளித்தன. ஆகவே இன்று பக்கத்து மனை வெற்றிடமாக இருந்தாலும், அங்கே நாளை ஒரு மாடி எழும் என்று எண்ணிக்கொண்டே நாம் வீடு பார்க்க வேண்டும்.

‘மதிலை உயர்த்திக் கட்டிவிட்டால் போயிற்று’ என்று சிலர் கூறுவர். இதனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பக்கத்து வீட்டு முதல் மாடித் தளம் 10 அடி உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். அங்கு நிற்பவரின் கண் ஏறக்குறைய 15 அடி உயரத்தில் இருக்கும். அவருடைய சன்னல் நம் மதிலிலிருந்து 5 அடி தள்ளியிருக்கிறது. நம் மதில் 6 அடி உயரமாயின், அதையொட்டி ஏறத்தாழ மூன்றடி அகலத் தரை மட்டுமே அவர் பார்வைக்கு மறையும். அதே மதிலை 10 அடிக்கு உயர்த்தினாலும், 5 அடி உயரமுள்ள ஒருவர் மதிலிலிருந்து 5 அடிக்குள் நின்றால்தான் முழுவதும் மறைவார். பெரும் பொருட்செலவில் எழுப்பிய மதில், காற்றையும் வெளிச்சத்தையும் நமக்கே தடுத்துவிட்டு, மறைவைச் சிறிதளவே தருகிறது. மதிலின் உயரத்திற்கு உள்ளாட்சி விதிகளின் வரம்பும் உண்டு.

மேலிருந்து வரும் பார்வையை மேலேயே மறைக்க வேண்டும் என்பதே இக்கணக்கு உணர்த்தும் பாடம். துவைகல்லுக்கும் கிணற்றடிக்கும் மேலே 8 அடி உயரத்தில் ஒரு பந்தலோ தாழ்வாரமோ அமைத்தால், 10 அடி மதில் தராத மறைவை அது தரும். கொல்லை முழுவதையும் மூட வேண்டியதில்லை. பெண்கள் புழங்கும் இடத்தை மூடினால் போதும். புடலை, பீர்க்கு, அவரை முதலிய கொடிகள் சில மாதங்களிலேயே பந்தலை நிறைத்துவிடும். அவை காய்ந்து மாறும் காலத்திற்குத் தென்னங்கீற்றுத் தட்டி உதவும். ஆனால் அடுப்புக்கு அருகில் கீற்று ஆகாது. இப்பொழுது பலரும் கட்டும் பச்சை நிழல்வலை பகலில் ஓரளவு மறைக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால், இருட்டில் நிற்பவருக்கு அதனூடே எல்லாம் தெரியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மரம் வைப்போரும் சிந்தித்து வைக்க வேண்டும். தென்னை வளர வளர அதன் மட்டைகள் மேலே போய்விடும்; கீழே வெறும் தண்டுதான் மிஞ்சும். முருங்கையின் இலை அடர்ந்து மறைக்காது. கிளையும் எளிதில் முறியும். வாழை விரைவில் மறைவு தரும். நெட்டிலிங்கம் அகலம் கொள்ளாமல் நெடுக வளர்வதால் குறுகிய இடத்திற்கு ஏற்றது. நம் இல்லங்களுக்கு உகந்த மருதாணியை நெருக்கி நட்டு வெட்டிவந்தால், தரைமட்டப் பார்வைக்கு நல்ல வேலியாகும். எதை நட்டாலும் வேர் மதிலைப் பிளக்காமலும், கிளை அண்டை வீட்டில் குப்பை கொட்டாமலும் இருக்கும்படி இடம்விட்டு நடவேண்டும்.

அடுத்து, சட்டம் என்ன கூறுகிறது என்று பலர் கேட்கின்றனர். வசதியுரிமை பற்றிய 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், 18ஆம் பிரிவில் வழக்காற்று உரிமைகளை ஏற்கிறது. ஓர் ஊரில் அண்டை வீட்டாரின் மறைவைக் குலைக்கும்படி புதிய சன்னல் திறக்கலாகாது என்ற வழக்காறு இருந்தால், அது உரிமையாகும் என்பதை அப்பிரிவே எடுத்துக்காட்டாகத் தருகிறது. 1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் கோகல் பிரசாத் வழக்கில் அத்தகைய உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் சென்னை உயர்நீதிமன்றமோ, ஒருவர் தம் சுவரில் சன்னல் திறப்பது மட்டுமே குற்றமாகாது என்ற நிலையை 19ஆம் நூற்றாண்டிலேயே மேற்கொண்டது. ஆகவே நம் பகுதியில் அத்தகைய வழக்காற்றைச் சான்றுகளுடன் மெய்ப்பிக்காமல் நீதிமன்றத்தை நம்பியிருக்க இயலாது. 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தனர். அது முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை; பக்கத்து வீட்டுச் சன்னலைத் தானாக மூடிவிடாது.

இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டடத்தின் சன்னல் 20 ஆண்டுகள் இடையறாமல் உரிமையாக வெளிச்சம் பெற்றுவந்தால், அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அவ்வெளிச்சம் அவருக்கு உரிமையாகிவிடக்கூடும். பின்னர் நாம் எழுப்பும் மறைப்பு அதைப் பெரிதும் தடுத்தால், வழக்கு நம்மீதே வரும். ஆகையால் பழைய சன்னலுக்கு எதிரே எதுவும் கட்டுமுன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நலம்.

சகோதரர்களே! சட்டம் இவ்வாறிருக்க, நம் மார்க்கம் இவ்விஷயத்தில் நமக்குத் தெளிவான வழியைக் காட்டுகிறது. பிறர் இல்லத்தில் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையலாகாது என அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. 58ஆம் வசனமோ, சொந்த வீட்டுச் சிறுவர்கள்கூட அனுமதி கேட்டே வரவேண்டிய மூன்று நேரங்களைக் குறிப்பிடுகிறது. வீட்டிற்குள்ளேயே இத்தனை பேணுதல் என்றால், அயலார் வீட்டின்மீது எவ்வளவு பேணுதல் வேண்டும்!

எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் ஒரு மேல்மாடி அறை கட்டினார்கள். அண்டை வீட்டாரின் மறைவு குலையுமோ என்ற செய்தி கலீஃபா உமர் (ரலி) அவர்களை எட்டியது. ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு அவர்கள் எழுதிய கட்டளையை வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் ஹகம் பதிவு செய்துள்ளார். அவ்வறையில் ஒரு கட்டிலை இட்டு, நெட்டையும் குட்டையுமல்லாத ஒருவரை அதன்மீது நிறுத்திப் பார்க்க வேண்டும். அவருக்குச் சன்னல் வழியே வெளியே தெரியுமாயின் அறையை இடித்துவிட வேண்டும் என்பதே அக்கட்டளை. சோதித்ததில் அவருக்குச் சன்னல் எட்டவில்லை; அறை அப்படியே விடப்பட்டது. அயலாரின் கண்ணியமும் காக்கப்பட்டது. கட்டியவரின் உரிமையும் காக்கப்பட்டது.

பிற்காலத்தில் 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்டத்தொகுப்பும் இதனைக் கூறுகிறது. சமையலறை, கிணற்றடி, முற்றம் ஆகிய பெண்கள் புழங்கும் இடங்களை நோக்கியிருக்கும் சன்னலைப் பெருந்தீங்கு என அது கருதுகிறது. ஆயினும் தடுப்போ திரையோ அமைத்தால் போதும். சன்னலையே அடைக்கும்படி வற்புறுத்தலாகாது. ஆளுயரத்திற்கு மேலுள்ள சன்னலுக்கோ தடையே இல்லை. இது இன்று நம் நாட்டுச் சட்டமன்று; எனினும் கொத்தனாரிடம் சொல்லிச் செய்யத்தக்க நல்ல முறை. சன்னலின் அடிமட்டத்தைத் தளத்திலிருந்து ஆறடி உயர்த்தி வைத்தால் காற்றும் வெளிச்சமும் வரும், பார்வை போகாது. முன்னரே வைத்துவிட்ட சன்னலுக்கு ஊடே தெரியாத கண்ணாடி போடலாம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் நெருக்கமான துளைகளுடன் கூடிய சல்லடைச் சுவர் எழுப்பலாம்.

எனவே வீடு வாங்குவோருக்கு என் வேண்டுகோள் இவை. முன்பணம் கொடுக்குமுன் வீட்டுப் பெண்களை அழைத்துச் சென்று கொல்லையைக் காட்டுங்கள். அங்கே புழங்கப் போகிறவர்கள் அவர்களே. காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் சென்று பாருங்கள். அண்டை வீட்டாரின் அனுமதி பெற்று அவர் மாடியில் நின்று பாருங்கள். மதில் தனிச்சுவரா, பொதுச்சுவரா என்பதைப் பத்திரத்தின் நான்கெல்லையில் சரிபாருங்கள். சன்னலை மறைத்துத் தருவதாக அண்டை வீட்டார் இசைந்தால் அதை எழுத்தில் பெற்றுப் பதிவு செய்யுங்கள். அவர் வீட்டை விற்றுவிட்டால், வாய்ச்சொல் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. இவற்றின் பிறகும் மறைவு அமைக்க ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதற்கேற்ப விலை பேசுங்கள்.

மாடி எழுப்புவோருக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடம் போடும்போதே உங்கள் சன்னல் யாருடைய கிணற்றடியை நோக்குகிறது என்று பாருங்கள். சுவர் எழும்பிய பின் மாற்றுவது செலவு. வரைபடத்தில் மாற்றுவது செலவன்று. கண்காணிப்புக் கேமரா பொருத்துவோரும் அது தம் வாசலை மட்டுமே காட்டும்படி திருப்பி வைக்க வேண்டும். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவர்களுடைய பெண்மக்களின் கண்ணியமும் நம் பெண்மக்களின் கண்ணியமும் ஒன்றே.

நிர்வாகப் பெருமக்கள் ஒன்று செய்யலாம். மஹல்லாவில் எவரேனும் மாடி கட்டத் தொடங்கும்போது, அவரையும் அண்டை வீட்டாரையும் ஒருமுறை அமர்த்திப் பேசவைத்தால், பின்னர் பஞ்சாயத்துக்கு வரும் பல பிணக்குகள் வராமலே போகும். வாங்குபவர் மேலே அண்ணாந்து பார்த்து வாங்கட்டும். கட்டுபவர் கீழே குனிந்து பார்த்துக் கட்டட்டும். நம் இல்லங்களின் கண்ணியத்தையும் நம் அயலார் இல்லங்களின் கண்ணியத்தையும் பேணி வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.