வாளி நீரில் வண்டி கழுவுதல்

(விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று கார் கழுவுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டா, முழுவதும் கேளுங்கள்.

பணி ஓய்வுக்குப் பின் பழைய கார் ஒன்று வாங்கினேன். நம் திருமங்கலத்தைச் சுற்றிலும் கரிசல் நிலம். ஊரை ஒட்டி நான்குவழிச் சாலை. இரவில் நிறுத்திய வண்டி விடியும்போது புழுதி பூசி நிற்கும். ரப்பர் குழாயைப் பிடித்து, நீரைப் பீய்ச்சிக் கழுவுவது என் வழக்கம்.

சென்ற மார்கழியில் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் பழுதாயிற்று. குடத்தோடு தெருக்குழாய்க்குச் சென்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மையார் ஒருவர், "வாத்தியாரய்யா, காருக்கு நீங்க ஊத்துற தண்ணி வாசல்ல ஓடுறதப் பாத்துட்டுத்தான் தெனமும் போவேன். இப்ப நீங்களும் கொடம் தூக்கிட்டீகளே!" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, இரக்கமே இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

மோட்டார் சீரானதும் கணக்குப் பார்த்தேன். என் ரப்பர் குழாயில் 15 லிட்டர் வாளி நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆயிற்று. நான் கழுவும் நேரம் 20 நிமிடம். ஆக, 200 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் சிற்றூரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவு 55 லிட்டர். மூவரின் ஒருநாள் நீருக்கும் மேலாகத் தகரத்தின்மீது கொட்டியிருக்கிறேன்!

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் சென்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில், குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று ஆணையிட்டார்கள். நமக்கு அபராதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீரும் ஓரறிவுயிர் என்பது சமணர் கோட்பாடு. என் பாட்டியார் நீரை வடிகட்டியபின், துணியில் தங்கிய சிற்றுயிர்கள் தம் இடம் சேரட்டும் என்று, அத்துணியை அலசிய நீரை அதே கிணற்றில் விடுவார். அவருடைய பெயரன் வாசலில் ஓடவிட்ட நீரை எண்ணிப் பாருங்கள்.

வழி சொன்னவள் கனடாவில் வாழும் என் மகள். அங்கே பனிக்காலத்தில் குழாய்க்குள் நீர் உறைந்து வெடிக்கும் என்பதால், வீட்டுக்கு வெளியே உள்ள குழாயை அடைத்துவிடுகிறார்கள். சாலையில் பனி உருகத் தூவும் உப்போ வண்டியின் இரும்பை அரிக்கும். ஓடும் நீர் இல்லை. கழுவாமலும் இருக்க முடியாது. எனவே சிலர் வாளி நீரிலேயே கழுவுகிறார்கள். அம்முறையை நம் மார்கழிக்குத் தக்கவாறு அமைத்துக்கொண்டேன்.

முதல் விதி, உலர்ந்த துணியால் புழுதியைத் துடைக்கலாகாது. புழுதியிலுள்ள மணல் துகள் வண்ணப் பூச்சைக் கீறிவிடும். மார்கழிப் பனி வண்டியை நனைத்திருக்கும் விடியற்காலமே ஏற்ற வேளை. பாதி வேலையைப் பனியே செய்துவிடுகிறது. இரண்டு வாளிகளில் ஆறு ஆறு லிட்டர் நீர் போதும். ஒன்றில், பின்னர் நீரூற்றி அலசத் தேவையில்லாத வகைக் கார் ஷாம்பூ, அதன் புட்டியில் குறித்த அளவு. மற்றதில் வெறும் நீர். மென்மையான துணியை ஷாம்பூ நீரில் நனைத்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கலாகாது. ஒவ்வோர் இழுப்புக்கும் துணியை மடித்துப் புதுப்பக்கம் திருப்புக. அழுக்கான துணியை வெறும் நீரில் அலசிய பின்னரே மீண்டும் ஷாம்பூ நீரில் தோய்க்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும், வெயில் ஏறுமுன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்க. காய்ந்த எச்சம் இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போர்த்தி ஊறவிடுக. சக்கரங்கள் கடைசியில், அவற்றுக்குத் தனித் துணி. மழைக்காலச் சேறு அப்பியிருந்தால் மட்டும் இம்முறை உதவாது. அன்று நீர் ஊற்றித்தான் ஆகவேண்டும்.

ஆக, 12 லிட்டர். எஞ்சிய அழுக்கு நீரும் வாசல் புழுதி அடங்கத் தெளிக்க உதவுகிறது. முதல் நாள் முதுகு வலித்தது, இப்போது பழகிவிட்டது.

இளைஞர்களே, வரும் ஞாயிறு காலையில் ஒருமுறை செய்து பாருங்கள். என் ரப்பர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டேன். அந்த அம்மையார் குடத்தோடு எதிரே வந்தால், இப்போது தலைகுனியாமல் நின்று வணக்கம் சொல்ல முடிகிறது.