கபடி கட்டத்துக்கு வெளிய நிக்கிறவங்க

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். பேசப்போறது கபடி. ஆனா புரோ கபடி ஏலம், யாரு நல்ல ரெய்டர், அதெல்லாம் இல்லை. கட்டத்துக்கு உள்ள இருக்கிற ஏழு பேரை விட்டுட்டு வெளிய நிக்கிறவங்களைப் பார்ப்போம். டீம் எடுக்கிற பி.டி. சார், அம்பயர், மைக்ல பேசுறவர், நன்கொடை வசூலிக்கிற அண்ணாச்சி. கிரவுண்டுல சாதி தலை காட்டினா என்ன செய்யணும்னு இவங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்காங்களா?

2019-ல பள்ளிக்கல்வித் துறை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சில பள்ளிகள்ல பசங்க சிவப்பு, மஞ்சள், பச்சை, காவின்னு சாதி தெரியுற மாதிரி கயிறு கட்டுறாங்க, தடுங்கன்னு. ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரிகள் சொன்னதை வச்சு வந்த அறிக்கை அது. டி.வி.யில எல்லாரும் கயிறைப் பத்தியே பேசினாங்க. எனக்குக் கண்ணுல பட்டது வேற. அந்தக் கயிறை எதுக்குப் பயன்படுத்துறதா புகார்னு சொல்ற இடத்துல, விளையாட்டு அணித் தேர்வும் இருந்துச்சு. அதாவது பையன் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிறான்னு பார்க்கறதுக்கு முன்னாடி மணிக்கட்டைப் பார்க்கிறாங்க. சில நாள்லயே அது சர்ச்சையாகி, எனக்குத் தெரியாம போன அறிக்கைன்னு அமைச்சரே சொல்லிட்டார்.

அப்புறம் 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரி. வீடு புகுந்து ஒரு மாணவனையும் தங்கச்சியையும் வெட்டினாங்க. அதுக்குப் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில ஒரு நபர் குழு, 2024 ஜூன்ல அறிக்கை. கயிறு கூடாது, சைக்கிள்ல சாதி நிறம் கூடாது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேணும்னு நிறைய பரிந்துரை அதுல இருக்கு.

2025 மார்ச்ல ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பட்டியல் சாதிப் பையன் பரீட்சைக்குப் போற வழியில, பஸ்ஸை மறிச்சு அவன் கை விரல்களை வெட்டினாங்க. கபடியில ஜெயிச்சதுதான் காரணம்னு குடும்பம் சொல்லிச்சு. போலீஸ் தரப்புல வேற காரணமும் பேசப்பட்டுச்சு. அதை கோர்ட்டு பார்த்துக்கட்டும். ஆனா "கபடியில ஜெயிச்சதுக்காக"ன்னு ஒரு அப்பா சொன்னா, எங்க பக்கத்துல யாரும் "அப்படியெல்லாம் நடக்குமா?"ன்னு கேக்கல. அதுதான் எனக்குப் பயம். இது நம்ம ஊர் வியாதி மட்டும்னும் நினைக்காதீங்க. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ல ஹாக்கி அரையிறுதி தோத்த அன்னிக்கு, வந்தனா கட்டாரியா வீட்டு முன்னாடி வெடி போட்டு சாதியைச் சொல்லித் திட்டினாங்க. ஜெயிச்சாலும் பிரச்சினை, தோத்தாலும் பிரச்சினை.

இப்போ சங்கரன்கோவிலுக்கு வர்றேன். ஊர்ல ஃபிரெண்ட்ஸ் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு கபடி போட்டி நடத்துறாங்க. எடை வாரியா மேட்ச். பதிவு பண்ண ஒரு ஆப் செஞ்சு தாடான்னாங்க. ஃபார்ம்ல என்னென்ன வேணும்னு லிஸ்ட் வந்துச்சு: பேரு, வயசு, எடை, போன், தெரு. தெரு எதுக்குன்னு கேட்டேன். "உள்ளூர்ப் பையன்தானான்னு பார்க்கணும்லா தம்பி"ன்னார் அண்ணாச்சி. எங்க பக்கம் தெரு பேரைச் சொன்னா மிச்சத்தை யாரும் கேக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அந்தக் கட்டத்தை நான் வைக்கல. ஆதார் அட்டையில முன்பக்கம் பிறந்த தேதி இருக்கு, அட்ரஸ் பின்பக்கம். முன்பக்கம் போதும். எடைக்கு மிஷின் இருக்கு. "அப்போ வெளியூர் ஆளை இறக்கிட்டா?"ன்னு ஒரு அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில ஊர் பேரு மட்டும் வாங்குறதா முடிவாச்சு.

ஆப் சின்ன விஷயம்தான். அன்னிக்கு நான் கேட்ட இன்னொண்ணு: நடத்துற ஆளுங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கலாமா? "இதுக்கு எதுக்குப் பயிற்சி, நம்ம பயலுவ நல்ல பயலுவ"ன்னாங்க. நல்ல பயலுவதான். நான் வேலை பார்க்கிற இடத்துலயும் எல்லாரும் நல்ல பயலுவதான். ஆனாலும் சர்வர் ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தா முதல்ல யாருக்கு போன், அடுத்து எதை நிறுத்தணும்னு எழுதி வச்சு, ஒத்திகையும் பார்ப்போம். அந்த நேரத்துல மூளை வேலை செய்யாது, அதனாலதான்.

ஃபுட்பால்ல இது ஏற்கெனவே இருக்கு. கேலரியில இனவெறிக் கூச்சல் வந்தா ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி மைக்ல அறிவிக்கச் சொல்லலாம். திரும்ப வந்தா ரெண்டு டீமையும் கொஞ்ச நேரம் உள்ள அனுப்பலாம். அப்பவும் நிக்கலைன்னா ஆட்டமே ரத்து. மூணே படி. 2024-ல ஃபிஃபா இன்னொண்ணு சேர்த்துச்சு, ஆட்டக்காரர் ரெண்டு மணிக்கட்டையும் குறுக்கா வச்சுக் காட்டினா ரெஃப்ரி அதைக் கவனிக்கணும்.

அதை அப்படியே எடுத்து எங்க கிரவுண்டுக்கு மாத்தினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்துல இருபது பேர். பேச்சு கொஞ்சம், நடிப்பு நிறைய. ஒருத்தர் கூட்டத்துல நின்னு கத்துவார், அம்பயர் விசில் அடிக்கணும், மைக் ஆளு சொல்ல வேண்டியதைச் சொல்லணும். முதல் தடவை மைக் அண்ணனுக்கு வாயே வரல. மத்த நேரம் நிறுத்தாம பேசுற மனுஷன்! ஊர் கபடியில அம்பயரை விட மைக்குக்குத்தான் பவர். "இன்னாரின் வாரிசுகள் களம் இறங்குகிறார்கள்"னு அவர் சொல்ற ஒரே வரியில கூட்டம் ரெண்டாப் பிரியும். அதனால டீம் பேரு, ஆட்டக்காரர் பேரு தவிர வேற அடைமொழி கிடையாதுன்னு அவருக்கு எழுதிக் கொடுத்தோம்.

கயிறு விஷயத்துல வழி காட்டினது ஒரு சீனியர் அம்பயர். கபடி விதியிலயே நகம் ஒட்ட வெட்டியிருக்கணும், நகை போடக்கூடாதுன்னு இருக்கு. "மோதிரம், செயின், கயிறு எல்லாம் கழட்டிட்டு வா, அடுத்தவனைக் கீறிடும்னு சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லு. உன் சொந்தக்காரன்கிட்ட முதல்ல சொல்லு"ன்னார். சாதின்னு ஒரு வார்த்தை பேசாம வேலை முடியுது. இப்படிச் சாதியைப் பேசாமலே தாண்டிப் போறது சரியான்னு எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஆனா கோட்டுக்கிட்ட நிக்கிற அம்பயருக்கு முதல்ல தேவை ஒரு விதி, பாடம் அப்புறம் நடத்தலாம். இன்னொண்ணு, கபடியில கையைக் கோர்க்காம செயின் பிடிக்க முடியாது. தொடாம ஆட முடியாத ஆட்டத்துல வந்து இப்படி உக்காந்திருக்கு பாருங்க இந்தக் கயிறு.

டீம் எடுக்கிறதுதான் கஷ்டமான பகுதி. அங்க யாரும் கத்த மாட்டாங்க, "அவன் இன்னும் செட் ஆகல சார்"னு மெதுவா சொல்லுவாங்க. அதுக்கு நாங்க கண்டுபிடிச்சது, ஒவ்வொரு பையனையும் எடுத்ததுக்கோ விட்டதுக்கோ ஒரு வரி காரணம் பேப்பர்ல எழுதணும், பையன் கேட்டா காட்டணும். பைசன் படம் பார்த்தவங்களுக்கு அந்த பி.டி. சார் ஞாபகம் இருக்கும். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்படி ஒருத்தர் அமையுவார்னு நம்பி உக்கார முடியாதுல்ல.

சாயங்காலம் முடியுற நேரம் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, கத்துறது எங்க தெரு ஆளா இருந்தா யாரு போய் நிறுத்த?" கொஞ்ச நேரம் யாரும் பேசல. அண்ணாச்சிதான் சொன்னார், "நீதாம்ல போகணும். வேற தெருக்காரன் போனா அது சண்டை." போட்டி அன்னிக்கு ஒவ்வொரு பக்கமும் அந்தந்தத் தெரு ஆளுங்க ரெண்டு பேர் பேட்ஜ் போட்டு நிக்கிறதா முடிவு. அந்தத் தம்பி முதல் ஆளா பேரு கொடுத்திருக்கான். பொங்கல் முடிஞ்சதும் அவனையே கெஸ்ட்டா கூட்டிட்டு வர்றேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.