மழைக்காலத்தில் நிற்கும் வண்டி
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கி வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வீட்டைப் பூட்டுகிறோம், கேஸை மூடுகிறோம். வண்டியை அப்படியே விட்டுவிடுகிறோம்.

நானும் விட்டேன். குற்றாலம், ராமேசுவரம் என்று குடும்பத்தோடு சுற்றிய வேன். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனேன். தையில் வந்து பார்த்தால் சீட்டெல்லாம் பூஞ்சை. தார்ப்பாய் மழையை மட்டுமா தடுக்கும், ஈரத்தையும் வெளியே விடாது. ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டது. எலி கடித்த வயருக்கு ஆன செலவை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை!

கூரைக்கடியில் நிறுத்துங்கள், காற்றுப் போகும் துணி உறை போதும். ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டயரில் காற்று நிறைவாக இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓட்ட ஆள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பிஸ்கட் துணுக்குகூட உள்ளே வேண்டாம்.

எலிமருந்து மட்டும் வைக்காதீர்கள். நாம் இருப்பது சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் ஓரம்; 2021-லிருந்து புலிகள் காப்பகமும்கூட. மருந்து தின்ற எலியை ஆந்தை தின்றால் அதுவும் சாகும்.

திரும்பி வந்ததும் சாவி போடுமுன் பானட்டைத் தட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். இருந்தால் கை வைக்காமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் போகிறவர்கள் இதையும் சொல்லிக் கொடுங்கள்.